உங்கள் பண்டிலில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் அழைத்து வந்தது யார்?

கேள்வியின் சாரம் இது: சிறு வணிகர்கள் பில் போடுவதற்காக ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய செயலியை, பல நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டித்தரும் வெப்பேக் கருவியைக் கொண்டு பில்ட் செய்கிறீர்கள். முழுச் செயலியும் 1.8 எம்பி அளவுள்ள ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக (இதுவே பண்டில்) வெளிவருகிறது, வெப்பேக் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கிறது. வெப்பேக் பண்டில் அனலைசரை ஓட்டினால் வண்ணப் பெட்டிகள் தெரிகின்றன, ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வெவ்வேறு அளவுகள் காட்டப்படுகின்றன. இவற்றில் எதை நம்புவது, எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று அளவுகளும் உண்மையானவைதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை சொல்கிறது. ‘ஸ்டாட்’ என்பது கோப்புகள் வெப்பேக்கின் கைக்கு வந்துசேர்ந்தபோது இருந்த அளவு. இது மினிஃபை செய்வதற்கு (இடைவெளிகளையும் நீண்ட பெயர்களையும் குறைத்து நிரலைச் சிறிதாக்குவதற்கு) முந்தையது என்பதால் பயனரின் கைப்பேசிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ‘பார்ஸ்டு’ என்பது மினிஃபை முடிந்து வெளிவந்த கோப்பில் அந்த மாட்யூல் (தனி நிரல் கோப்பு) பிடித்திருக்கும் இடம். உலாவி படித்து, கம்பைல் செய்து, இயக்க வேண்டிய நிரலின் அளவு இதுவே. ‘ஜிஸிப்’ என்பது அதையே சுருக்கிய பின் கிடைக்கும் அளவு, அதாவது நெட்வொர்க்கில் பயணிக்கும் அளவுக்கு நெருக்கமானது. பயனர் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி நெட்வொர்க்கிலும் மறு பகுதி கைப்பேசியின் ப்ராசஸரிலும் செலவாகிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்த இரண்டாவது பகுதியே பெரிதாகிவிடுவது உண்டு. அதனால் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பார்ஸ்டு அளவையும், முழுக் கோப்பும் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கும்போது ஜிஸிப் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாட் அளவை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஜிஸிப் அளவுகளைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பலர் உண்டு. அந்தக் கூட்டல் ஒருபோதும் சரியாக வராது. ஜிஸிப் தனக்கு முந்தைய 32 கிலோபைட் பகுதிக்குள் ஏற்கெனவே வந்த சொற்கோவைகளைத் திரும்ப எழுதாமல் அவற்றைச் சுட்டிக்காட்டுவதன் மூலமே இடத்தை மிச்சப்படுத்துகிறது. தனித்தனியாகச் சுருக்கப்பட்ட மாட்யூல்களுக்குப் பக்கத்து மாட்யூலின் துணை கிடைப்பதில்லை. ஆகவே பெட்டிகளின் ஜிஸிப் அளவுகளைக் கூட்டினால், முழுக் கோப்பின் ஜிஸிப் அளவைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே வரும். 40 கிலோபைட் ஜிஸிப் என்று காட்டும் பெட்டியை நீக்கினால் கோப்பு சரியாக 40 கிலோபைட் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீக்கிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு முன் எதை அளக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்வது அவசியம். டெவலப்மென்ட் பில்டை (நிரல் எழுதும்போது மட்டும் பயன்படுத்தும் வடிவத்தை) அளந்துவிட்டுப் பதறியவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ரியாக்ட்டின் டெவலப்மென்ட் வடிவத்தில் நிரலாளருக்கான எச்சரிக்கைகள், சரிபார்ப்புகள், முழுநீளப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும், அதனால் அது ப்ரொடக்‌ஷன் வடிவத்தைவிடப் பல மடங்கு பெரியது. உங்கள் தளத்தில் போய்ச்சேர்ந்திருப்பது எது என்பதில் ஐயம் இருந்தால், ரியாக்ட் டெவலப்பர் டூல்ஸ் நீட்டிப்பை உலாவியில் நிறுவிவிட்டு உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்; டெவலப்மென்ட் வடிவமாக இருந்தால் அதன் சின்னம் சிவப்புப் பின்னணியில் தெரியும். அலகுகளிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வெப்பேக்கின் இயல்பான எச்சரிக்கை எல்லை 2,50,000 பைட், அதையே 1,024-ஆல் வகுத்து 244 கிபிபைட் என்று அது அச்சிடுகிறது. வீட் என்ற மற்றொரு பில்ட் கருவி 1,000-ஆல் வகுத்து, ஒரு துண்டு 500 கிலோபைட்டைத் தாண்டினால் எச்சரிக்கிறது. இரண்டு கருவிகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

இனி படத்துக்கு வருவோம். பெட்டியின் பரப்பளவு மாட்யூலின் அளவைக் குறிக்கிறது, பெட்டிக்குள் பெட்டியாக இருப்பது கோப்புறைக்குள் கோப்புறையாக இருப்பதையே காட்டுகிறது. கண் முதலில் பெரிய பெட்டிக்குத்தான் போகும், ஆனால் பெரிய பெட்டி தவறான பெட்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரியாக்ட்டை உலாவியில் இயக்கும் ரியாக்ட் டாம் பெரிதாகத்தான் தெரியும், செயலியே அதன் மேல் நிற்பதால் அதை விட்டுவிடுங்கள். ‘இது இங்கே ஏன் இருக்கிறது’ என்று நீங்கள் வியக்கும் பெட்டிகளையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். நீங்கள் நிறுவியதாக நினைவே இல்லாத பெயர், ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருப்பது, ஒரு சிறு வேலைக்காகச் சேர்த்த லைப்ரரி பெரிய இடத்தைப் பிடித்திருப்பது ஆகியவை அத்தகைய அறிகுறிகள்.

பல மாட்யூல்களை ஒன்றாக ஒட்டி வெப்பேக் ஒரே பெட்டியாகக் காட்டும் இடங்களும் உண்டு. தனித்தனிச் செயற்கூறுகளாகச் சுற்றி வைக்காமல் மாட்யூல்களை ஒரே பரப்பில் இணைத்துவிடும் உத்தியின் விளைவு அது. அந்த உத்தி வெப்பேக் 3-இல் 2017-ஆம் ஆண்டு வந்தது. அனலைசரின் பக்கப்பட்டியில், இணைக்கப்பட்ட மாட்யூல்களின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொல்லும் தேர்வை இயக்கினால் உள்ளே இருப்பவை தெரியவரும், ஆனால் அங்கே காட்டப்படும் அளவுகள் மதிப்பீடுகளே. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஆய்வுக்காக மட்டும் அந்த உத்தியை அணைத்து ஒரு பில்ட் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் சோர்ஸ் மேப் எக்ஸ்ப்ளோரரைப் பயன்படுத்துங்கள். அது வெப்பேக்கின் சொல்லை நம்பாமல், வெளிவந்த கோப்பின் ஒவ்வொரு பைட்டும் எந்த மூலக் கோப்பிலிருந்து வந்தது என்பதை, இரண்டையும் பொருத்திக் காட்டும் சோர்ஸ் மேப் கோப்பை வைத்தே கணக்கிடுகிறது. வெப்பேக் அல்லாத கருவிகளோடும் வேலை செய்வது அதன் கூடுதல் நன்மை. ரோலப் என்ற பண்டிலரைப் பயன்படுத்துபவர்களுக்கு விஷுவலைசர் ப்ளகின் இருக்கிறது. ஈஎஸ்பில்ட் என்ற பண்டிலரைப் பயன்படுத்துபவர்கள் மெட்டாஃபைலை (பில்ட் விவரக் கோப்பை) உருவாக்கி, அதன் தளத்திலேயே உள்ள ஆய்வுப் பக்கத்தில் ஏற்றிப் பார்க்கலாம்.

ஆனால் எந்தப் படமும் ‘என்ன இருக்கிறது’ என்பதைத்தான் சொல்லும், ‘ஏன் இருக்கிறது’ என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் அதை உள்ளே அழைத்த ஓர் இம்போர்ட் வரி இருக்கிறது. அந்த வரி உங்கள் நிரலில் இருக்கலாம், நீங்கள் நிறுவிய பேக்கேஜுக்குள் இருக்கலாம், அந்தப் பேக்கேஜ் நம்பியிருக்கும் வேறொரு பேக்கேஜுக்குள்ளும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வின் உண்மையான வேலை. பேக்கேஜ்களை நிறுவும் கருவிகளான என்பிஎம்-இல் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ கட்டளையும் யார்ன்-இல் ‘ஒய்’ கட்டளையும் ஒரு பேக்கேஜை எது கொண்டுவந்தது என்ற சங்கிலியைக் காட்டும். ஆனால் அவை நிறுவப்பட்ட காரணத்தை மட்டுமே சொல்கின்றன, பண்டிலுக்குள் வந்த காரணத்தைச் சொல்வதில்லை. வெப்பேக்கின் ஸ்டாட்ஸ் ஜேசன் கோப்பில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ‘ரீசன்ஸ்’ என்ற பட்டியல் இருக்கும். எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி அதைக் கேட்டது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். படத்தில் ஐயத்துக்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுத்து, ரீசன்ஸ் பட்டியலில் அதன் பெயரைத் தேடி, அங்கிருந்து மேலே மேலே ஏறிப் போவதே நான் பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் முறை.

இதற்கு மிகச் சிறந்த பாடமாக மொமென்ட் லைப்ரரியைச் சொல்வேன். உங்கள் செயலியில் பில் தேதியைக் காட்ட அதைப் பயன்படுத்துவதாக எழுதியிருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். மினிஃபை செய்து ஜிஸிப் செய்தால் மொமென்ட்டின் மையப் பகுதி 20 கிலோபைட்டுக்கும் குறைவு. ஆனால் வெப்பேக் பண்டிலில் அது எந்த ஏற்பாடும் இல்லாமல் நுழைந்தால் ஜிஸிப் அளவே 70 கிலோபைட்டைத் தாண்டிவிடும். வித்தியாசம் முழுவதும் மொழிவாரித் தேதி விவரங்கள் உள்ள ‘லோகேல்’ கோப்புறையிலிருந்து வருகிறது. மொமென்ட்டின் உள்ளே, கேட்கப்படும் மொழியின் பெயரை ‘லோகேல்’ என்ற பாதையோடு ஒட்டி, அந்தக் கோப்பை இயங்கும் நேரத்தில் ரிக்வயர் செய்யும் (அழைத்து ஏற்றும்) ஒரே ஒரு வரி இருக்கிறது. எந்தப் பெயர் வரப்போகிறது என்பது பில்ட் நேரத்தில் வெப்பேக்குக்குத் தெரிய வழியில்லை, ஆகவே அந்தக் கோப்புறையில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட மொழிக் கோப்புகள் அனைத்தையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. யாரும் கேட்காத ஐஸ்லாந்திய மொழி மாதப் பெயர்கள் பில் போடும் கடைக்காரரின் கைப்பேசியில் இறங்குவது இப்படித்தான்.

இணையத்தில் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தீர்வு, வெப்பேக்கின் இக்னோர் ப்ளகினைக் கொண்டு அந்தக் கோப்புறையையே புறக்கணித்துவிடுவது. வெப்பேக்கின் ஆவணத்திலும் மொமென்ட்தான் எடுத்துக்காட்டாக இருக்கிறது. ஆனால் தமிழில் தேதி காட்டும் செயலியில் அதை அப்படியே செய்தால், தமிழும் சேர்ந்து போய்விடும். புறக்கணித்த பிறகு தமிழ் லோகேல் கோப்பை மட்டும் தனி இம்போர்ட் வரியில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சிறு கோப்பை ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள். முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரிக்காமல், யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை என்று அகத்திணை மரபின் ஆறு சிறுபொழுதுகளையும் அது வைத்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணி முதல் மாலை ஆறு மணிக்கு முன்வரை அதற்கு எற்பாடு. எண்களையும் ௧, ௨, ௩ என்று மாற்றித் தருகிறது. யாரோ அக்கறையோடு செய்த வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் ‘எற்பாடு ௪:௩௦’ என்று அச்சான பில்லைப் பார்த்து வாடிக்கையாளர் திகைப்பார் அல்லவா? அளவைக் குறைக்கும்போது உள்ளே இருப்பதையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். மொமென்ட் குழுவினரே 2020 செப்டம்பரில், இனிப் புதிய வசதிகள் வராது, பராமரிப்பு மட்டுமே நடக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். தேதியைக் காட்டுவது மட்டுமே உங்கள் தேவை என்றால், உலாவியிலேயே இருக்கும் இன்டல் தேதி வடிவமைப்பான் மாதப் பெயர்களைத் தமிழில் தரும், அதற்கு ஒரு பைட்கூட இறக்க வேண்டியதில்லை. தேதிகளைக் கூட்டிக் கழிக்கவும் வேண்டும் என்றால் டே ஜேஎஸ் அல்லது டேட் எஃப்என்எஸ் போதும்.

மொமென்ட்டுக்கு அடுத்து உங்கள் படத்தில் பெரிதாகத் தெரியும் பெட்டி, உதவிச் செயற்கூறுகளின் தொகுப்பான லோடாஷ். நீங்கள் எடுத்தது டிபவுன்ஸ் என்ற ஒரே செயற்கூறுதான் என்கிறீர்கள், எனினும் முழு லோடாஷும் வந்திருக்கிறது. அதன் இயல்பான நுழைவுக் கோப்பு காமன் ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் முறையில் எழுதப்பட்ட ஒரே பெரிய கோப்பு. மினிஃபை செய்தால் சுமார் 70 கிலோபைட், ஜிஸிப்புக்குப் பின் சுமார் 25 கிலோபைட். இம்போர்ட் வரியில் வளைவு அடைப்புக்குள் ஒரு பெயரை மட்டும் எழுதுவதால் மற்றவை உதிர்ந்துவிடாது. பயன்படாத ஏற்றுமதிகளை உதிர்த்துவிடும் ட்ரீ ஷேக்கிங் நடக்க வேண்டுமென்றால், எது எதை ஏற்றுமதி செய்கிறது என்பது நிரலை இயக்காமலேயே தெரிய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் தரமுறையான ஈஎஸ் மாட்யூலில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகள் கோப்பின் மேல்மட்டத்தில் நிலையாக இருப்பதால் அது தெரிகிறது. காமன் ஜேஎஸ் முறையில் ஏற்றுமதிப் பொருளை எந்த வரியிலும் எப்படியும் மாற்றலாம் என்பதால், பண்டிலர் பெரும்பாலும் துணிந்து எதையும் நீக்குவதில்லை. டிபவுன்ஸின் தனிக் கோப்பை நேரடியாக இம்போர்ட் செய்யுங்கள், அல்லது லோடாஷ் ஈஎஸ் பேக்கேஜுக்கு மாறுங்கள். மாறிய பிறகும் ரீசன்ஸ் பட்டியலைப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் நிறுவிய வேறொரு லைப்ரரி பழைய லோடாஷைத் தானே அழைத்துக்கொண்டிருந்தால், இப்போது இரண்டும் பண்டிலில் இருக்கும், அளவும் கூடியிருக்கும்.

நீங்கள் எல்லாவற்றையும் ஈஎஸ் மாட்யூலாகவே எழுதியிருந்தும் ட்ரீ ஷேக்கிங் நடக்கவில்லை என்றால், அமைப்புக் கோப்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் அமைப்பில் மாட்யூல் வகை காமன் ஜேஎஸ் என்று இருந்தால், வெப்பேக்கின் கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் இம்போர்ட் வரிகள் ரிக்வயர்களாக மாறிவிடுகின்றன. நிரலைப் பழைய உலாவிகளுக்கு ஏற்ப மாற்றும் பேபல் கருவியின் அமைப்பில் மாட்யூல்ஸ் தேர்வைக் கையால் காமன் ஜேஎஸ் என்று வைத்தாலும் இதே கதைதான். எப்போதோ ஒருவர் டெஸ்ட்டுகளை ஓட வைப்பதற்காக அந்த ஒரு சொல்லை மாற்றியிருப்பார், அது அப்படியே ப்ரொடக்‌ஷன் பில்டுக்கும் போயிருக்கும். டெஸ்ட்டுக்கும் பில்டுக்கும் தனித்தனி அமைப்பு வைத்துக்கொள்வது இதற்குத் தீர்வு.

பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ‘சைட் எஃபெக்ட்ஸ்’ என்ற புலமும் இதில் பங்கு வகிக்கிறது. ஒரு மாட்யூலிலிருந்து எதுவும் பயன்படுத்தப்படாவிட்டாலும், அதை இம்போர்ட் செய்யும்போதே ஏதாவது நிகழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் வெப்பேக் அதை வைத்துக்கொள்ளும். அந்தப் புலத்தில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதினால், அப்படி எதுவும் நிகழாது என்று நீங்கள் உறுதி தருகிறீர்கள். பல கூறுகளை ஒரே இண்டெக்ஸ் கோப்பிலிருந்து மறுஏற்றுமதி செய்யும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இந்தப் புலம் பெரிய மாற்றத்தைத் தரும். ஆனால் சிஎஸ்எஸ் கோப்புகளை விதிவிலக்காகப் பட்டியலிட மறந்துவிட்டால், ப்ரொடக்‌ஷனில் மட்டும் பக்கம் அலங்காரமின்றி நிற்கும்.

ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் தெரிந்தால், என்பிஎம் ‘டீட்யூப்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பதிப்பு வரம்புகள் ஒத்துப்போகாததால் அது பலன் தராவிட்டால், பழைய பதிப்பைக் கேட்கும் பேக்கேஜைப் புதுப்பிப்பதே வழி.

உங்கள் படத்தில் பிஎன், எலிப்டிக் என்று நீங்கள் கேள்விப்படாத பெயர்கள் இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவை, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் நோட் ஜேஎஸ்-இன் கிரிப்டோ மாட்யூலுக்கு உலாவியில் மாற்றாக வரும் பாலிஃபில்லின் உறுப்புகள். வெப்பேக் 4 வரை, நிரலில் எங்காவது கிரிப்டோ ரிக்வயர் செய்யப்பட்டிருந்தால் வெப்பேக் சொல்லாமல் கொள்ளாமல் இந்தப் பாலிஃபில்லைச் சேர்த்துவிடும். 2020 அக்டோபரில் வந்த வெப்பேக் 5 அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுப் பிழைச்செய்தி காட்டத் தொடங்கியது. அந்தச் செய்தியைக் கண்டு, அதில் சொல்லப்பட்டபடியே பாலிஃபில்லை நிறுவி ஃபால்பேக்காக இணைத்து, பிழை மறைந்ததும் நிம்மதி அடைந்தவர்கள் ஏராளம். உங்கள் செயலியிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிழைச்செய்தி உங்களிடம் கேட்டது ஒரு கேள்வி, அதற்கு விடை சொல்லாமல் வாயை அடைத்துவிட்டோம். பில் எண்ணுக்கு ஒரு ஹாஷ் போடத்தான் கிரிப்டோ தேவைப்பட்டது என்றால், உலாவியில் இயல்பாகவே இருக்கும் வெப் கிரிப்டோவில் எஸ்எச்ஏ 256 இருக்கிறது. எச்டிடிபிஎஸ் தளங்களிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே அது கிடைக்கும், விடையும் உடனே வராமல் ப்ராமிஸாகப் பின்னரே வரும் என்ற இரண்டு கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டால், அந்தப் பெட்டிகள் அனைத்தும் மறைந்துவிடும்.

தமிழ்ச் செயலிகளுக்கே உரிய இரண்டு காரணங்களை இனிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. முதலாவது எழுத்துரு. பிடிஎஃப் வடிவத்தில் இயல்பாகவே கிடைக்கும் 14 எழுத்துருக்களில் தமிழ் இல்லை. ஆகவே உலாவியில் தமிழ் பிடிஎஃப் உருவாக்குபவர்கள் எழுத்துருக் கோப்பை பேஸ்64 சரமாக மாற்றி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் ஒட்டிவிடுகிறார்கள். ஜேஎஸ் பிடிஎஃப்-க்கு இதைச் செய்துதரும் மாற்றியும் இருக்கிறது. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக எழுதுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். தடித்த எழுத்துக்கும் சேர்த்து இரண்டு எழுத்துருக்கள் என்றால் சுமை இரட்டிப்பாகும். முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இரண்டு நாள் முழுவதும் லைப்ரரிகளை மாற்றி மாற்றிச் சிறு சிறு பெட்டிகளைக் குறைத்துக்கொண்டிருந்தோம். படத்தின் ஓரத்தில் ‘ஃபான்ட்’ என்று முடியும் பெயரோடு நின்ற பெரிய பெட்டியை, நமது சொந்த நிரல்தானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை. சொந்தக் கோப்புறையின் பெட்டிகளையும் அதே கண்ணோடு பாருங்கள் என்று அன்றுமுதல் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். எழுத்துருவைத் தனிக் கோப்பாக சர்வரில் வைத்து, பிடிஎஃப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஃபெட்ச் செய்து கொடுங்கள்; ஒருமுறை இறங்கினால் அது உலாவியின் கேஷில் தங்கிவிடும்.

இரண்டாவது, தமிழ்ச் சரங்களே பிடிக்கும் இடம். யூடிஎஃப் 8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோட் எண்ணுக்கும்) மூன்று பைட். ‘வணக்கம்’ என்ற சொல்லில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீட்டுப் புள்ளிகள் இருப்பதால் அது 21 பைட். ஈஎஸ்பில்ட் இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) மட்டுமே வெளியிடும், தமிழ்க் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றையும் பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கும் ஆறு எழுத்துக் குறியீடாக மாற்றி எழுதும். ‘வணக்கம்’ இப்போது 42 பைட். அமைப்பில் ‘சார்செட்’ தேர்வை யூடிஎஃப் 8 என்று மாற்றினால் இந்த இரட்டிப்பு நின்றுவிடும். பக்கமும் யூடிஎஃப் 8 என்றே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்துகள் சிதையும். ஜிஸிப்புக்குப் பிறகு இந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், எனவே இதை முதல் வேலையாகச் செய்யத் தேவையில்லை. மொழிபெயர்ப்புக் கோப்புகளைப் பிரிப்பது இதைவிட முக்கியம். உங்கள் செயலியில் தமிழ், ஆங்கிலம் இரண்டின் ஜேசன் கோப்புகளும் தொடக்கத்திலேயே இம்போர்ட் ஆகின்றன. பயனர் தேர்ந்தெடுத்த மொழியை மட்டும் ஏற்றுங்கள்.

இவ்வளவையும் களைந்த பிறகும், நியாயமாகவே தேவைப்படும் பெரிய லைப்ரரிகள் மிஞ்சும். உங்கள் செயலியில் வரைபட லைப்ரரியும் எக்செல் ஏற்றுமதி லைப்ரரியும் அத்தகையவை. கடைக்காரர் காலையில் செயலியைத் திறந்ததும் பார்ப்பது பில் போடும் திரை. மாத அறிக்கைப் பக்கத்துக்கு அவர் மாதம் ஒருமுறை போகலாம். வரைபடம் அங்கே மட்டுமே தேவை என்றால், அந்தப் பக்கத்தை ரியாக்ட் லேஸி கொண்டு தனித் துண்டாகப் பிரியுங்கள். எக்செல் லைப்ரரியைப் பொத்தானின் க்ளிக் செயற்கூறுக்குள்ளேயே டைனமிக் இம்போர்ட் மூலம் அழையுங்கள். பிரித்த பிறகு மறுபடியும் அனலைசரைப் பாருங்கள். அறிக்கைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு உதவிச் செயற்கூறை பில் திரை நிலையான இம்போர்ட்டால் எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோப்பும் அது இம்போர்ட் செய்யும் வரைபட லைப்ரரியும் முதல் துண்டுக்கே திரும்பிவிடும். நான் பார்த்தவரை, ‘பிரித்தேன், ஆனால் குறையவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றின் வேர் இதுவே. ரீசன்ஸ் பட்டியல் இங்கேயும் அந்த ஒற்றை வரியைக் காட்டிக்கொடுக்கும். அந்த உதவிச் செயற்கூறைத் தனிக் கோப்புக்கு நகர்த்தினால் போதும்.

முதல் திரைக்கு எது தேவையில்லை என்பதைக் கண்ணால் காண, க்ரோமின் டெவலப்பர் கருவிகளில் ‘கவரேஜ்’ பகுதி இருக்கிறது. பக்கத்தை ஏற்றியதும் ஒவ்வொரு கோப்பிலும் எத்தனை பைட் இயங்கியது, எத்தனை இயங்கவில்லை என்பதை அது காட்டும். இயங்காதது எல்லாம் வீண் என்று பொருள் கொள்ளாதீர்கள்; பிழை நேர்ந்தால் ஓட வேண்டிய நிரலும், அடுத்த க்ளிக்குக்காகக் காத்திருக்கும் நிரலும் அதில் அடங்கும். ஆனால் ஒரு முழு லைப்ரரியே இயங்காமல் கிடந்தால், அது பிரிக்கத் தகுந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நெட்வொர்க் பகுதியில் பயணித்த அளவும் விரிந்த அளவும் தனித்தனியாகத் தெரியும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உங்கள் சர்வர் சுருக்கவே இல்லை என்று பொருள், அப்படியானால் இந்தப் பதிலில் உள்ள மற்ற அனைத்துக்கும் முன்பாக அதைச் சரிசெய்யுங்கள். சர்வர் அனுமதித்தால் ப்ராட்லி என்ற மற்றொரு சுருக்க முறையை இயக்குங்கள். பில்ட் நேரத்திலேயே உச்ச நிலையான 11-இல் ஒருமுறை சுருக்கி வைத்துவிட்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் மறுபடி சுருக்கும் சுமை சர்வருக்கு இருக்காது.

உங்கள் செயலியில் நான் முதலில் கைவைப்பது எழுத்துரு, அடுத்து கிரிப்டோ பாலிஃபில், அதன் பின் மொமென்ட்டின் லோகேல் கோப்புறை. மூன்றுமே பயனர் பார்க்கும் எதையும் மாற்றாமல் பண்டிலை விட்டு வெளியேறக்கூடியவை, ஒவ்வொன்றையும் தனித்தனி கமிட்டில் செய்தால் எது எவ்வளவு குறைத்தது என்பதும் பதிவாகும். லோடாஷ் அதற்குப் பிறகு. பக்கங்களைப் பிரிக்கும் வேலை நிரலின் அமைப்பையே தொடும் என்பதால் அதைக் கடைசியில் நிதானமாகச் செய்யுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிடுங்கள். சைஸ் லிமிட் போன்ற கருவியை உங்கள் சிஐ-யில் (ஒவ்வொரு நிரல் மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) இணைத்து, எல்லையை இப்போதைய அளவிலேயே வையுங்கள். தனிக் கருவி வேண்டாம் என்றால் வெப்பேக்கின் பெர்ஃபார்மன்ஸ் எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி, அதன் எல்லையை அந்த அளவுக்கு உயர்த்தினாலும் போதும். அப்போதுதான் நீங்கள் ஒரு பெட்டியை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போது, இன்னொருவர் தெரியாமல் வேறொரு பெட்டியை அழைத்துவரும் புல் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றக் கோரிக்கை) அங்கேயே நிற்கும், அந்த இம்போர்ட் வரியும் அதே பக்கத்தில் கண்ணெதிரே இருக்கும். ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் பண்டில் எவ்வளவு இறங்குகிறதோ, எல்லையையும் அவ்வளவு இறக்கி வையுங்கள்.